கர்னாக்கின் சிவப்புச் சன்னதி: பிரித்த கற்களை மறுபடி அடுக்கியது எப்படி

எதைப் பற்றிய ஆய்வு இது

எகிப்தின் லக்சர் நகரத்தில், கர்னாக் கோயில் வளாகத்தின் வடமேற்குப் பக்கம் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்கும் சிவப்புச் சன்னதி ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது. கட்டிய அரசி ஹட்செப்சுட் இறந்த பிறகு அது அதிக காலம் நிற்கவில்லை. பிரித்தெடுத்த கற்கள் வேறு கட்டுமானங்களுக்குள் போய் மறைந்தன. 20-ஆம் நூற்றாண்டில் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆனாலும் 1997 வரை யாரும் அவற்றை மறுபடி கட்டடமாக எழுப்பவில்லை.

அந்தத் தாமதம் ஏன், கடைசியில் எந்தத் தடயங்களை நம்பிக் கட்டினார்கள், அதனால் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன். நவீன காலத்தில் இதில் உழைத்த பொறியாளர்கள், கல் தச்சர்கள், எழுத்து வல்லுநர்கள் யாரையும் பெயர் சொல்லாமல் அவர்கள் செய்த வேலையால் மட்டுமே குறிப்பிடுகிறேன். பழைய கட்டடங்களைப் பிரிப்பதும் அடுக்குவதும் எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் இந்த அனுபவம் உதவும் என்பது என் நம்பிக்கை.

பின்னணி: எதற்காகக் கட்டப்பட்டது

கர்னாக்கின் தலைமைத் தெய்வம் அமுன். கருவறையில் இருக்கும் அமுன் திருவிழா நாட்களில் வெளியே வருவார். அப்போது அவருடைய உருவத்தைப் படகு வடிவில் செய்த ஒரு சப்பரத்தில், திரையிட்ட சிறு மாடத்துக்குள் வைத்து, பூசாரிகள் தோளில் சுமந்து போவார்கள். அந்தப் படகுச் சப்பரத்தை வைப்பதற்கான இடம்தான் இந்தச் சன்னதி. முன்னால் ஒரு மண்டபம், உள்ளே படகு இருக்கும் அறை என இரண்டே பகுதிகள். அமைப்பு மிக எளிமையானது.

கட்டியவர் ஹட்செப்சுட். கணவர் இரண்டாம் துட்மோஸ் இறந்தபோது பட்டத்துக்கு வந்த, கணவரின் இன்னொரு மனைவியின் மகன் மூன்றாம் துட்மோஸ் சிறுவன். அவருக்காக ஆட்சியை நடத்தத் தொடங்கிய ஹட்செப்சுட், சில ஆண்டுகளில் தானே முழு அரசராக முடிசூடிக்கொண்டார். பொதுவாக ஏற்கப்படும் கணக்கில் கி.மு. 1458 வாக்கில் அவர் காலம் முடிகிறது. சன்னதி அவருடைய ஆட்சியின் பிற்பகுதியில் எழுந்தது.

கல் தேர்விலேயே அவருடைய எண்ணம் தெரிகிறது. சுவர்கள் சிவப்பு குவார்ட்சைட் என்ற மிகக் கடினமான கல். அடித்தளம், வாசல்கள், மேல் விளிம்பு எல்லாம் கருங்கல். குவார்ட்சைட் இன்றைய கெய்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள கெபெல் அகமர் என்ற சிவப்பு மலையிலிருந்து வந்தது. அங்கிருந்து லக்சர் வரை 500 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நைல் ஓட்டத்துக்கு எதிராக. அந்தக் கல்லைச் செம்பு உளி வெட்டாது. கடினமான கல்லால் இடித்து, மணல் போட்டுத் தேய்த்துத்தான் முகம் எடுக்க வேண்டும். மணற்கல் தாராளமாகக் கிடைத்த ஊரில் இப்படி ஒரு கல்லைத் தேடிப் போனதற்குக் காரணம் அதன் நிறமும், சூரியனோடு அதற்கு இருந்த தொடர்பும்தான்.

சுவர்ப் படங்களில் ஹட்செப்சுட்டும் துட்மோஸும் இருவருமே அரசர்களாக வருகிறார்கள். முடிசூட்டு, அமுனுக்கு இரண்டு ஒபிலிஸ்க் தூண்களை (ஒற்றைக் கல்லில் செதுக்கிய உயரமான கூர்நுனித் தூண்கள்) காணிக்கை கொடுப்பது, ஓபெட் திருவிழா, மேற்குக் கரைக்குப் போகும் பள்ளத்தாக்குத் திருவிழா எல்லாம் இருக்கின்றன. யாழ் மீட்டுபவரும், பின்னோக்கி வில்லாக வளைந்து ஆடும் பெண்களும் ஒரு கல்லில் இருக்கிறார்கள். அந்த ஊர்வலத்தின் சத்தம் கேட்கிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள்.

முதல் முடிவு: பிரிப்பது

ஹட்செப்சுட் காலம் முடிந்தபோது சன்னதியின் வேலை முழுதாக முடிந்திருக்கவில்லை. மூன்றாம் துட்மோஸ் மேல் வரிசையைத் தன் பெயரில் செதுக்க வைத்தார். பிறகு சன்னதியையே பிரித்துவிட்டு, அமுனின் படகுக்குத் தானே ஒரு கிரானைட் சன்னதி கட்டினார். அதுவும் நிலைக்கவில்லை. அலெக்சாந்தருக்குப் பின் வந்த பிலிப் அரிடேயஸ் காலத்தில், கி.மு. 320 வாக்கில், அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. இன்று கர்னாக்கின் நடுவில் நிற்பது அதுதான்.

சிற்றன்னை மேல் இருந்த வெறுப்பில் துட்மோஸ் சன்னதியை இடித்தார் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. கற்கள் அப்படிச் சொல்லவில்லை என்பது என் கருத்து. வெறுப்பு இருந்தால் அவர் முதலில் வேலையை முடித்துவைத்திருக்க மாட்டார். ஹட்செப்சுட்டின் பெயரையும் உருவத்தையும் பொது இடங்களிலிருந்து நீக்கும் வேலை துட்மோஸ் ஆட்சியின் கடைசிப் பகுதியில்தான், அதாவது ஹட்செப்சுட் இறந்து சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத்தான், பெரிய அளவில் தொடங்கியது. சிவப்புச் சன்னதியின் கற்களில் சிலவற்றில் அவர் உருவம் கொத்தி எடுக்கப்பட்டிருக்கிறது, பலவற்றில் கை படவே இல்லை. கட்டடம் நிற்கும்போது திட்டமிட்டு அழித்திருந்தால் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்காது. கட்டடம் முன்பே பிரிந்துகிடந்ததுதான் பல உருவங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

நல்ல கல்லை வீணாக்கும் வழக்கம் எகிப்தியருக்கு இல்லை. மூன்றாம் அமென்ஹோடெப் கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் கர்னாக்கின் மூன்றாவது பைலானை, அதாவது இரட்டைச் சுவர் போன்ற பெரிய நுழைவுக் கோபுரத்தை எழுப்பியபோது, பழைய கட்டடங்களின் கற்களை அதன் அடித்தளத்திலும் உள்ளேயும் போட்டு நிரப்பினார்கள். சிவப்புச் சன்னதியின் பெரும்பகுதி அங்கேதான் போனது. சில கற்கள் வேறு இடங்களுக்கும் சிதறின.

கற்கள் வெளியே வந்த விதம்

1899 அக்டோபர் 3 அன்று கர்னாக்கின் பெரிய தூண் மண்டபத்தில் 11 தூண்கள் சரிந்தன. ஆண்டுதோறும் ஏறி இறங்கும் நிலத்தடி நீரும், அதோடு வரும் உப்பும் அடித்தளங்களைத் தின்றுகொண்டிருந்தன. அதன் பிறகு வளாகம் முழுவதையும் பலப்படுத்தும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. தூண் மண்டபத்தின் கிழக்குச் சுவராக இருப்பது அந்த மூன்றாவது பைலான்தான். அதைப் பலப்படுத்த உள்ளே இருந்த கற்களை எடுத்தார்கள். எடுக்க எடுக்கப் பழைய கட்டடங்கள் வந்துகொண்டே இருந்தன.

சிவப்புச் சன்னதி மட்டும் வரவில்லை. முதலாம் செனுஸ்ரெட்டின் வெள்ளைச் சன்னதி, முதலாம் அமென்ஹோடெப்பின் அலபாஸ்டர் சன்னதி எனப் பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களின் பாகங்கள் அந்த ஒரே பைலானுக்குள் இருந்தன. ஆக, களத்தில் இருந்தவர்கள் பல கட்டடங்களின் கற்களை ஒரே நேரத்தில் பிரித்து அடையாளம் காண வேண்டியிருந்தது. சிவப்புச் சன்னதியின் கற்களை இனம் காண்பது சுலபம், நிறமே சொல்லிவிடும். கடினமான பகுதி அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது முடிவு: ஒன்றைக் கட்டி, இன்னொன்றை நிறுத்திவைத்தது

வெள்ளைச் சன்னதியை 1937-38-லேயே கட்டி முடித்துவிட்டார்கள். அலபாஸ்டர் சன்னதி 1940-களில் எழுந்தது. அதே பொறுப்பாளர்கள், அதே ஆட்கள், அதே இடம். சிவப்புச் சன்னதியை மட்டும் ஏன் விட்டார்கள்?

இரண்டு கட்டடங்களின் செதுக்கு முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். வெள்ளைச் சன்னதி சுண்ணாம்புக் கல்லால் ஆனது. நான்குக்கு நான்காக 16 தூண்கள், இரு பக்கமும் ஏறி இறங்கும் சாய்தளம். செனுஸ்ரெட்டின் ஆட்சி விழாவுக்காகக் கட்டப்பட்டது. அதில் ஒரு தெய்வத்தின் தலை ஒரு கல்லில் இருந்தால் உடல் அடுத்த கல்லில் இருக்கும், ஒரு வாசகத்தின் மீதி கீழ்க் கல்லில் தொடரும். ஆக, படமே வரிசையைச் சொல்லிவிடுகிறது. கற்களும் அநேகமாக முழுதாகக் கிடைத்திருந்தன.

சிவப்புச் சன்னதியில் அந்த வசதி இல்லை. அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு கல்லும் தனக்குள் முடிந்துவிடும் ஒரு காட்சி. அரசர் அமுன் முன் நிற்கிறார், காணிக்கை கொடுக்கிறார், அமுன் அவரைத் தழுவுகிறார். கல்லின் ஓரத்தோடு காட்சி முடிந்துவிடுகிறது. பக்கத்துக் கல்லில் என்ன இருந்தது என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஒரு வரிசைக்குள் இருக்கும் கற்கள் எல்லாம் ஒரே உயரம் வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தாலும் கண்ணுக்கு உறுத்தாது.

கடினமான கல்லைச் சுவரில் ஏற்றிய பிறகு செதுக்குவது மெதுவான வேலை. தனித்தனிக் கற்களாகப் பட்டறையில் வைத்துப் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. பழைய தச்சர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்திய முறை, பின்னால் வந்தவர்களுக்குப் பெரும் புதிராகிவிட்டது.

300-க்கும் மேற்பட்ட கற்கள் கையில் இருந்தும், வரிசை உறுதிப்படாமல் கட்டுவதற்குத் தயங்கினார்கள். தாழ்வான மேடைகளில், வரிசை வரிசையாக, செதுக்கிய முகம் தெரியும்படி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் அவை அப்படியே இருந்தன. படங்களையும் வாசகங்களையும் ஆராய்ந்த விரிவான வெளியீடு 1970-களின் கடைசியில் வந்தது.

இந்த முடிவைக் கோழைத்தனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு அவசரப்பட்டுச் சிமெண்டும் இரும்பும் வைத்துத் தப்பான வரிசையில் கட்டியிருந்தால், அதைப் பிரிக்கும்போது கற்களின் ஓரங்கள் உடைந்திருக்கும். பின்னால் வந்தவர்களுக்கு வேண்டிய தடயமெல்லாம் அந்த ஓரங்களில்தான் இருந்தது.

என்ன கவனித்தார்கள்

1967-ல் எகிப்தும் பிரான்சும் சேர்ந்து கர்னாக்குக்கென ஒரு கூட்டு ஆய்வு மையத்தை அமைத்தன. சன்னதியை மறுபடி எழுப்பும் பணி 1997-ல் தொடங்கியபோது, மையத்தில் இருந்த கட்டடக் கலைஞர்களும் கல் தச்சர்களும் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். அரசர் என்ன செய்கிறார் என்பதை விட்டுவிட்டு, இந்தக் கல்லைத் தூக்கி வைத்தவன் என்ன செய்தான் என்று பார்த்தார்கள்.

எகிப்தியர் பக்கத்துப் பக்கத்துக் கற்களைப் பிணைக்க, இரண்டு கற்களின் மேல் முகத்திலும் சேர்ந்தாற்போல ஒரு குழி வெட்டுவார்கள். இரு முனையும் அகன்று நடுவில் ஒடுங்கிய பிணைப்புக் கட்டையை அதில் இறக்குவார்கள். ஒரு கல்லில் குழியின் பாதி இருந்தால், மறுபாதி அடுத்த கல்லில், அதே தூரத்தில், அதே அகலத்தில் இருந்தாக வேண்டும். எத்தனை கற்கள் உயரத்தில் ஒத்துப்போனாலும் இந்தக் குழி எல்லாவற்றோடும் ஒத்துப்போகாது.

அடுத்தது நெம்புகோல் தடம். ஒரு கல்லைக் கடைசியாக அதன் இடத்துக்குத் தள்ள நெம்புகோலுக்குப் பிடிமானம் வேண்டும், அதற்காகச் சிறு பள்ளம் வெட்டுவார்கள். அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் கற்கள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டன என்று சொல்லலாம். மூலைக் கற்களில் உருளை விளிம்பு செதுக்கியிருப்பதால் வரிசையின் முனை எது என்பதில் சந்தேகமில்லை. சுவரின் வெளிமுகம் மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்கிறது. சாய்வு தெரிந்தால் ஒரு கல் எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கும் வழி கிடைக்கிறது.

இவற்றுக்கெல்லாம் பிறகுதான் படங்கள் உதவிக்கு வந்தன. உதவி சின்னதல்ல. ஓபெட் திருவிழாவில் அமுன் கர்னாக்கிலிருந்து லக்சர் கோயிலுக்குப் போகிறார். ஹட்செப்சுட் காலத்தில் போகும்போது தரைவழி, திரும்பும்போது ஆற்றுவழி. போகும் வழியில் ஆறு இடங்களில் சப்பரத்தை இறக்கி வைப்பார்கள், அந்தத் தங்குமிடங்கள் சுவரில் முறையே காட்டப்பட்டிருக்கின்றன. ஊர்வலத்துக்கு முன், பின் என்று ஒரு போக்கு இருப்பதால், அந்தக் கற்களை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மேல் வரிசையில் துட்மோஸின் பெயர் மட்டும் வருவதும் ஒரு வரிசையைப் பிரித்துக் காட்டியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு கல்லுக்கு ஆறு முகம். அருங்காட்சியகத்தில் நாம் ரசிப்பது ஒன்றை, சில சமயம் இரண்டை. சிவப்புச் சன்னதியைத் திருப்பிக் கொடுத்தது மற்ற முகங்கள். ஒரு அரசியின் பெயரோ தெய்வத்தின் உருவமோ இல்லாத, உளித்தடம் மட்டும் உள்ள முகங்கள் அவை. மேடையில் செதுக்கிய முகம் மட்டும் தெரிய வரிசையாக வைத்திருந்த காலம் முழுவதும் விடை பக்கவாட்டில் இருந்தது.

மூன்றாவது முடிவு: கட்டுவது, எங்கே, எப்படி

கட்டலாமா என்பதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருந்தது. கல்லைச் சுவரில் வைத்துவிட்டால் அதன் பக்கவாட்டு முகங்களும் மேல் கீழ் முகங்களும் மறைந்துவிடும். எந்தத் தடயத்தை வைத்து வரிசையைக் கண்டுபிடித்தோமோ அதை இனி யாரும் நேரில் பார்த்துச் சரிபார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கல்லையும் எல்லாப் பக்கமும் அளந்து வரைந்து வைப்பது கட்டுவதற்கு முந்திய கட்டாய வேலையாகிறது.

கட்டுவதற்கு ஆதரவான காரணமும் சாதாரணமானதல்ல. தரையை ஒட்டி மேடைகளில் பரப்பி வைத்த கற்களிலிருந்து அந்தச் சன்னதியின் அளவோ, உள்ளே நுழைந்தால் வரும் இறுக்கமோ, கருப்பும் சிவப்பும் சேர்ந்த தோற்றமோ யாருக்கும் புரியாது. ஊர்வலக் காட்சி ஒரு நீளமான சுவரில் ஓடினால்தான் ஊர்வலம்.

பழைய இடத்தில் பிலிப் அரிடேயஸின் சன்னதி நிற்கிறது. அதுவும் 2,300 ஆண்டு பழமையானது. ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே வெள்ளைச் சன்னதியும் அலபாஸ்டர் சன்னதியும் நின்ற அதே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இடம் ஒதுக்கினார்கள். கிடைக்காத கற்களின் இடங்களைச் செதுக்கு வேலை இல்லாத வெற்று முகப்பால் நிரப்பினார்கள். காணாமல் போன காட்சிகளைக் கற்பனையில் புதிதாகச் செதுக்கவில்லை. எது பழையது, எது இன்று சேர்த்தது என்பது எட்ட நின்று பார்த்தாலே தெரிகிறது. இந்தப் பணியில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

என்ன கிடைத்தது, என்ன போனது

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சன்னதி முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. முதல் ஆதாயம் வரலாற்றுக்கு. ஹட்செப்சுட்டின் மற்றக் கட்டடங்களில், குறிப்பாக மேற்குக் கரையில் தேயிர் எல்-பஹாரியில், அவருடைய உருவங்கள் பெருமளவு அழிக்கப்பட்டுவிட்டன. இங்கே அவரைப் பல காட்சிகளில் சேதமில்லாமல் பார்க்கலாம். அவரும் துட்மோஸும் ஒரே ஊர்வலத்தில் ஒருவர் பின் ஒருவராக நடப்பதை ஒரே சுவரில் பார்க்கும்போது, அந்தக் கூட்டாட்சி எப்படி வெளியே காட்டப்பட்டது என்பது நன்றாகத் தெரிகிறது.

இரண்டாவது ஆதாயம் கட்டடக் கலைக்கு. குழி, நெம்பு தடம், சாய்வு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்ததால், புதிய அரசு காலத்தில், அதாவது ஹட்செப்சுட் வாழ்ந்த காலகட்டத்தில், கடினமான கல்லில் எப்படி அடுக்கினார்கள் என்ற கைமுறை அறிவு கிடைத்தது. ஒரு சன்னதியை எழுப்பப் போய் ஒரு பட்டறையின் வேலை முறையைக் கண்டுபிடித்தார்கள்.

போனது இடம். அமுனின் படகு எந்த அச்சில் வந்து எந்த இருட்டில் நின்றதோ அந்தச் சூழல் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. கோயிலின் நடுவில் அடுத்தடுத்த அறைகளுக்குள் ஒடுங்கியிருந்த சன்னதி இன்று வெட்டவெளியில் நாலு பக்கமும் சுற்றி வரும்படி நிற்கிறது. பார்க்க வசதிதான், ஆனால் அந்தக் காலத்துப் பூசாரி கண்ட காட்சி இது அல்ல.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

முதலில், கல் வெளியே வந்த நாளிலேயே ஆறு முகங்களையும் பதிவு செய்ய வேண்டும். அழகான முகத்தை வரைந்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால், இடையில் கல்லைப் பல முறை நகர்த்துவார்கள், ஓரங்கள் சிதையும், குழியின் விளிம்பு மழுங்கும். மேடையில் வைக்கும்போதும் ஒரு கல்லுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஆள் குனிந்து பார்க்கும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும்.

இரண்டாவது, எழுத்து வல்லுநரும் கல் தச்சரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இந்த நிகழ்வில் முதலில் எழுத்து, பல பத்தாண்டு கழித்துக் கல் என்று வேலை பிரிந்து நடந்தது. சேர்ந்து நடந்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

நிலத்தடி நீர் பற்றியும் சொல்ல வேண்டும். கற்களை வெளியே கொண்டுவந்த அதே நீர், 1970-ல் முடிந்த அஸ்வான் உயர் அணைக்குப் பிறகு ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் தங்கத் தொடங்கியது. அணையால் பாசனமும் பெருகியது. 2000-களில் கர்னாக்கையும் லக்சரையும் சுற்றி வடிகால் அமைத்து நீர்மட்டத்தை இறக்கினார்கள். மறுபடி கட்டும் திட்டம் எதுவாக இருந்தாலும் வடிகாலை முதல் செலவாக எழுத வேண்டும்.

கடைசியாக, எல்லாக் கற்களின் இடமும் ஒரே அளவு உறுதியானது அல்ல. குழியோடு குழி பொருந்திய கல்லுக்கும், காட்சியின் பொருத்தத்தை மட்டும் வைத்து இடம் கொடுத்த கல்லுக்கும் வித்தியாசம் உண்டு. சுவர் எழுந்து நின்றதும் இரண்டும் ஒன்றுபோல் தோன்றிவிடுகின்றன. எந்தக் கல் எந்தச் சான்றின் பேரில் அங்கே இருக்கிறது என்று காட்டும் சுவர் வரைபடம் ஒன்றை, வல்லுநர்களின் வெளியீட்டுக்குள் மட்டும் விட்டுவிடாமல், சன்னதியின் வாசலிலேயே அரபியிலும் மற்ற மொழிகளிலும் வைக்க வேண்டும்.